களிமண் புறாவை வீழ்த்திய கர்ணி சிங்

துப்பாக்கி என்றதும் நம்மவர்க்கு வேட்டைதான் நினைவுக்கு வரும். பலமனேரை அடுத்த கௌண்டின்யக் காட்டோரத்தில் வளர்ந்த எனக்கும் அப்படித்தான். அது போட்டிக் கலையுமாகும் என்பதை நம் நாட்டார்க்கு உணர்த்தியவர் பிகானீர் மஹாராஜா டாக்டர் கர்ணி சிங்.

1924-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-இல் பிறந்தார். அரண்மனையில் துப்பாக்கிக்கா பஞ்சம்! ஆனால் காட்டில் விலங்கைச் சுடுவது வேறு. களிமண் புறாவைச் சுடுவது வேறு. களிமண் புறா என்பது உண்மையில் ஒரு சிறு தட்டு. பொறி அதை மணிக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் வேகத்தில் வீசும். எப்பக்கம் வரும் என்று தெரியாது. ரவை 30 மீட்டர் செல்ல ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகிறதென்று கொள்வோம். அதற்குள் குறுக்கே பறக்கும் தட்டு மூன்று மீட்டர் கடந்துவிடும்! எனவே தட்டு இருக்கும் இடத்தை அல்ல, இருக்கப்போகும் இடத்தைச் சுட வேண்டும். கணக்கிட நேரமேது? பழகிய கண்ணும் தோளுமே கணக்கிட வேண்டும். இதில் அரச குலம் உதவாது.

அவரோ 17 முறை தேசியச் சாம்பியனானார். 1960-இல் ரோம் ஒலிம்பிக்கில் எட்டாம் இடம். 1961-இல் அர்ஜுனா விருது. மறு ஆண்டு கெய்ரோவில் உலகப் போட்டி. முதலிடத்துக்குச் சோவியத் வீரர் ஒருவரோடு சமநிலை, மறுபடியும் சுட்டார்கள், தங்கம் நழுவி வெள்ளி கிடைத்தது. உலக அரங்கின் உச்சியை அவர் அவ்வளவு நெருங்கியது அந்த ஒரு முறைதான். நினைத்தால் இன்றும் மனம் அடித்துக்கொள்கிறது!

1964-இல் டோக்கியோவில் 26-ஆம் இடம். அதே ஆண்டு பம்பாய்ப் பல்கலைக்கழகம் அவருக்குச் சரித்திரத்தில் டாக்டர் பட்டம் அளித்தது. ஆராய்ச்சி மாணவர்களாகிய நாம் பெருமூச்சு விடலாம். அவர் அப்போது பாராளுமன்ற அங்கத்தினரும்கூட. 1952 முதல் 1977 வரை சுயேச்சையாகவே வென்றார். 1968-இல் மெக்ஸிகோவில் பத்தாம் இடம். 1980-இல் மாஸ்கோவில், 56 வயதில், ஐந்தாவது ஒலிம்பிக்.

அரசர்க்கே உரிய விளையாட்டா இது என்று கேட்பீர்கள். தோட்டாவின் விலையைக் கேட்டால் ஆம் என்றே சொல்லத் தோன்றும். எனினும் இன்று புதியவர் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கியோடு தொடங்கலாம். அதற்குத் தோட்டாவும் வேண்டாம், பரந்த மைதானமும் வேண்டாம்.

1988-இல் அவர் மறைந்தார். டில்லி துக்ளகாபாத் சுடுதளம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. மகள் ராஜ்யஸ்ரீ குமாரி, தந்தை பெற்ற ஏழே ஆண்டுகளில், 1968-இல், அதே அர்ஜுனா விருதை அதே விளையாட்டுக்காகப் பெற்றார்.