மூன்று முறை மாணவியான டாக்டர் அம்மையார்

பட்டம் வாங்கி, வேலையில் சேர்ந்து, குடும்பம் குட்டி என்று ஆகிவிட்டால், இனிமேல் என்னத்தைப் படிக்கிறது என்ற எண்ணம் நம்மில் பலருக்கு வந்துவிடுகிறது. நர்ஸுக்குப் படித்து, பிறகு மருத்துவமனை சமூகப் பணிக்குப் படித்து, அதற்கும் பிறகு 33 வயதில் மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவியாகப் போய் உட்கார்ந்தவர் ஒருவர் உண்டு. பிழைக்க வழியில்லாத நோயாளியும் வலியில்லாமல் கண்மூட வேண்டும் என்பதற்காகவே அந்த மூன்றாவது படிப்பு. ஹாஸ்பிஸ் இயக்கத்தின் தாய் என்று உலகம் போற்றும் டேம் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார்தான் அவர்.

1918 ஜூன் 22-ல் லண்டனுக்கு வடக்கே பார்னெட்டில் பிறந்தார். ஆக்ஸ்ஃபோர்டில் அரசியல், தத்துவம், பொருளாதாரம் படிக்கும்போது போர் மூண்டது. உலகமே பற்றி எரியும்போது புத்தகமும் கையுமாக இருக்க மனம் ஒப்பவில்லை. 1940-ல் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் தொடங்கிய செயின்ட் தாமஸ் நர்சிங் பள்ளியில் சேர்ந்தார். வேலை பிடித்துப்போனது. ஆனால் முதுகுத்தண்டு ஒத்துழைக்கவில்லை. நோயாளியைத் தூக்கிப் புரட்டும் வேலைக்கு அந்த உடம்பு தாங்காது என்றாகிவிட்டது. ஆக்ஸ்ஃபோர்டுக்குத் திரும்பிப் பட்டத்தை முடித்து, மருத்துவமனையில் சமூகப் பணியாளரானார்.

அங்கேதான் டேவிட் டாஸ்மா என்ற நோயாளியைச் சந்தித்தார். போலந்து நாட்டு யூதர், ஓட்டலில் சர்வர் வேலை, புற்றுநோய் முற்றிவிட்டது, பக்கத்தில் உறவென்று யாரும் இல்லை. இப்படிப்பட்டவர்கள் நிம்மதியாகச் சாக ஓர் இல்லம் வேண்டும் என்று இருவரும் மணிக்கணக்கில் பேசுவார்கள். 1948 பிப்ரவரியில் அவர் இறந்தார். அந்த இல்லத்தில் தாம் ஒரு ஜன்னலாக இருக்க வேண்டும் என்று சொல்லி 500 பவுண்டு விட்டுச் சென்றார். அந்த ஜன்னலைச் சுற்றிக் கட்டடம் எழும்ப 19 வருஷம் பிடித்தது.

அதன்பின் செயின்ட் லூக்ஸ் என்ற இல்லத்தில் தொண்டராகச் சேர்ந்தார். அங்கே வலி வருவதற்கு முன்பே நேரம் தவறாமல் மார்ஃபின் கொடுக்கும் பழக்கம் இருந்தது. பெரிய மருத்துவமனைகளிலோ நோயாளி கதறிக் கேட்ட பிறகுதான் ஊசி. பழக்கமாகிவிடும், அடிமையாகிவிடுவார் என்ற பயம். எங்க தொழிலில் இதை பிரேக்டவுன் மெயின்டெனன்ஸ் என்போம், மெஷின் நின்ற பிறகு ஸ்பானரைத் தேடுகிற கதை. வேளாவேளைக்கு எண்ணெய் விட்டிருந்தால் நின்றே இருக்காது. மெஷினுக்கே இந்த மரியாதை உண்டென்றால் மனுஷனுக்கு வேண்டாமா?

இதைப் பெரிய டாக்டர்களிடம் யார் சொல்வது? நர்ஸ் சொன்னால் காது கொடுத்துக் கேட்கமாட்டார்கள், நீயே போய் மருத்துவம் படி என்று நார்மன் பாரெட் என்ற அறுவை சிகிச்சை நிபுணர் யோசனை சொன்னார். 1951-ல் சேர்ந்து 1957-ல் டாக்டரானார். மறு வருஷமே ஆராய்ச்சி உதவித்தொகையுடன், ஹாக்னி பகுதியில் கன்னியாஸ்திரீகள் நடத்திய செயின்ட் ஜோசப் இல்லத்துக்குப் போனார். நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை, முடிந்தவரை வாய்வழியாக, ஆளுக்குத் தகுந்த அளவு மருந்து என்ற முறையை அங்கே கொண்டுவந்தார். ஏழு வருஷத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் குறிப்புகளைச் சேர்த்தார். வலி அடங்கிய நோயாளி மருந்துக்கு ஏங்குவதில்லை, மயங்கிக் கிடப்பதும் இல்லை, எழுந்து உட்கார்ந்து பேசுகிறார் என்று கண்டார்.

டாக்டரான பிறகும் அவர் நர்ஸுகளை மறக்கவில்லை. 1959-ல் நர்ஸிங் டைம்ஸ் பத்திரிகையில் மரணப்படுக்கையில் இருப்போரின் பராமரிப்பு பற்றி ஆறு கட்டுரைகள் எழுதினார். டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போய்விடுவார். ராத்திரி இரண்டு மணிக்கு நோயாளி முகம் சுளிப்பதைப் பார்ப்பது நர்ஸ்தானே? எங்கே வலிக்குது, எப்போ அதிகமாகுது, தூக்கம் வந்துச்சா என்று கேட்டு எழுதி வைப்பதும் மருத்துவம்தான் என்பதே அவருடைய பாடம். முதுகில் ஆரம்பித்த வலியைச் சொல்ல வந்த ஒரு பெண்மணி, தனக்காக வேலையை விட்டு நிற்க வேண்டிய கணவர், மகன் வரை சொல்லி முடித்ததை அவர் மறக்கவே இல்லை. உடம்பு, மனசு, குடும்பம், நம்பிக்கை எல்லாம் சேர்ந்ததே வலி என்று, 1964 வாக்கில் அதற்கு முழுமையான வலி என்று பெயர் வைத்தார்.

1963-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் அவர் ஆற்றிய உரையைக் கேட்ட நர்சிங் கல்லூரி டீன் ஃப்ளாரன்ஸ் வால்ட், பின்னாளில் அந்தப் பதவியையே விட்டுவிட்டு லண்டனுக்குப் போய் அவரிடம் பாடம் கேட்டார். 1974-ல் அமெரிக்காவின் முதல் ஹாஸ்பிஸ் கனெக்டிகட்டில் தொடங்கியது. டீனே மாணவியான அதிசயம்!

1967-ல் லண்டன் சிடன்ஹாமில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ் திறக்கப்பட்டது. சிகிச்சை, கற்பித்தல், ஆராய்ச்சி மூன்றும் ஒரே கூரையின் கீழ். 1969 முதல் நர்ஸுகள் வீடு தேடியும் போனார்கள். உலக சுகாதார நிறுவனம் 1986-ல் வெளியிட்ட புற்றுநோய் வலி வழிகாட்டியிலும் கடிகாரம் பார்த்து மருந்து கொடு என்பது முக்கிய விதி.

நம் நாட்டிலோ 1985-ம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால், அபினி விளையும் மண்ணிலேயே நோயாளிக்கு மார்ஃபின் கிடைப்பது குதிரைக்கொம்பானது. 1993-ல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரண இயக்கம் போன்றவை போராடின. 2014-ல்தான் சட்டம் திருத்தப்பட்டது. சட்டம் மாறினால் மட்டும் போதுமா? மருந்தைப் பயமில்லாமல், அளவறிந்து கொடுக்கத் தெரிந்த கைகள் வேண்டும். அது வகுப்பறையில்தான் உருவாகும்.

அம்மையார் 2005 ஜூலை 14-ல் தமது 87-வது வயதில், புற்றுநோயால், தாம் கட்டிய ஹாஸ்பிஸிலேயே காலமானார். அவர் சொல்லிக்கொடுத்த முறையே கடைசியில் அவருக்கும் துணை நின்றது.

மாணவ நண்பர்களே, தேர்வுக்குப் படிப்பது ஒரு வகை. கண்ணெதிரே ஒருவர் படும் வேதனையைத் தீர்க்க வேண்டும் என்று படிப்பது இன்னொரு வகை. இரண்டாவது வகைக்கு வயசு வரம்பு கிடையாது. நம்ம வீட்டுப் பெரியவர் நாளைக்கு வலியோடு படுத்திருக்கும்போது, கொஞ்சம் பொறுத்துக்கோங்க என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடாத ஒரு நர்ஸ் பக்கத்தில் இருந்தால், அவருக்கும் நமக்கும் அதுவே பெரிய ஆறுதல்.