குமிழியின் கணக்கறிந்த அறிஞர்

நீருக்கடியில் நிகழும் வெடிப்பு, கணப்பொழுதில் நீரைப் புறந்தள்ளி ஒரு பெருங்குமிழியை உருவாக்குகிறது. அக்குமிழியின் போக்கைக் கணிதத்தால் விளக்கிய அறிஞர்களுள் ஒருவர் ஜெப்ரி இங்கிராம் டெய்லர்.

இவர் 1886ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். கணித மேதை ஜார்ஜ் பூல் இவருடைய தாய்வழிப் பாட்டனார். கேம்பிரிட்ஜில் பயின்ற இவர், டைட்டானிக் கப்பல் மூழ்கியதற்கு அடுத்த ஆண்டில், பனிப்பாறைகளைக் கண்காணிக்கச் சென்ற ஸ்கோஷியா கப்பலில் வானிலை ஆய்வாளராகப் பணியாற்றினார். அங்குப் பட்டங்களைப் பறக்கவிட்டு வளிமண்டலத்தை அளந்தார். முதல் உலகப்போரின்போது, விமான ஆய்வுக்காகத் தாமே விமானம் ஓட்டக் கற்றார். பாய்மரப் படகில் பேரார்வம் கொண்ட இவர், ஏர்க்கொழுவைப்போல் கடலடி மண்ணைப் பற்றிக்கொள்ளும் நங்கூரம் ஒன்றையும் வடிவமைத்தார்.

இரண்டாம் உலகப்போர் இவரை வெடிப்புகளின் ஆய்வுக்கு அழைத்தது. நீருக்கடியில் வெடித்த வளிமம் விரியும்பொழுது, விலகும் நீர் தன் நிலைமத்தால் மேலும் விலகிச் செல்கிறது. அதனால் குமிழியின் உள்ளழுத்தம் குறைய, சூழ்ந்துள்ள நீர் அதனை நெருக்குகிறது. நெருக்குண்ட வளிமம் மீண்டும் விரிகிறது. இவ்வாறு துடித்துக்கொண்டே குமிழி மேலெழுகிறது. சுருங்கும்பொழுது அதன் ஏற்றம் விரைவடைகிறது. இத்துடிப்பு கப்பலின் அடிப்பகுதியைத் தாக்கவல்லது. எனவே, குமிழியின் கணக்கு மாலுமிகளின் உயிரோடு தொடர்புடையதாயிற்று.

அணுகுண்டு வெடித்தால் எழும் அதிர்ச்சி அலையின் போக்கையும் 1941இல் இவர் கணக்கிட்டார். 1945 சூலை 16ஆம் நாள் நியூ மெக்சிகோவில் நடந்த முதல் அணுகுண்டுச் சோதனையை நேரில் கண்டார். பின்னர் வெளியான நிழற்படங்களில் தீக்கோளத்தின் ஆரத்தையும் காலத்தையும் ஒப்பிட்டு, அதன் ஆற்றல் ஏறத்தாழ 17,000 டன் டி.என்.டி.க்கு நிகரானது என 1950இல் வெளியிட்டார். சில படங்களிலிருந்தே பேரழிவின் அளவு புலனாயிற்று.

அடர்த்தி குறைந்த பாய்மம் அடர்த்தி மிக்க பாய்மத்தை உந்தும்பொழுது, இடைப்பரப்பு நிலைகுலைகிறது. இந்நிகழ்வு இன்று இராலே–டெய்லர் நிலையின்மை எனப்படுகிறது. வெடித்துச் சிதறும் விண்மீன்களிலும் அது நிகழ்கிறது.

டெய்லர் 1975 சூன் 27ஆம் நாள் கேம்பிரிட்ஜில் மறைந்தார். கப்பலை நிலைநிறுத்தும் நங்கூரமும் நகரை அழிக்கும் குண்டின் கணக்கும் ஒரே அறிஞரின் சிந்தனையில் உருவானவை. இயற்கையின் விதிகள் காப்பதற்கும் அழிப்பதற்கும் பொதுவானவை. அவற்றைக் கையாளும் பொறுப்பு மாந்தருடையது.