ஹோவார்டு டெய்லர் ரிக்கெட்ஸ்

ஹோவார்டு டெய்லர் ரிக்கெட்ஸ் (பெப்ரவரி 9, 1871 – மே 3, 1910) அமெரிக்காவைச் சேர்ந்த நோயியல் அறிஞர் ஆவார். ராக்கி மலைப் புள்ளிக் காய்ச்சல் உண்ணிகளின் கடியால் பரவுகிறது என்பதைச் சோதனை மூலம் நிறுவியவர் இவர். உயிரணுக்களுக்குள் மட்டுமே வாழ்ந்து, உடலின் நோயெதிர்ப்பு முறைமையிலிருந்து மறைந்துகொள்ளும் ரிக்கெட்சியா என்னும் பாக்டீரியாப் பேரினம் இவர் பெயரால் அழைக்கப்படுகிறது. இவர் தாம் ஆராய்ந்த டைபஸ் நோயாலேயே 39ஆம் அகவையில் இறந்தார். (டைபஸ் வேறு, டைஃபாய்டு வேறு, பெயரொற்றுமையால் இரண்டையும் ஒன்றெனக் கருதலாகாது.)

== இளமையும் கல்வியும் ==
ரிக்கெட்ஸ் ஒகையோ மாநிலத்தின் பின்ட்லே நகரில் பிறந்தார். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, பின் சிகாகோவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றார். 1893ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் குடும்பம் செல்வத்தை இழந்ததால், மருத்துவப் பள்ளியின் அருங்காட்சியகத்தில் வேலை செய்தே படிப்பை முடித்தார். 1900இல் மைரா டப்ஸ் என்பவரை மணந்தார். ஐரோப்பிய ஆய்வுக்கூடங்களில் சில காலம் பயின்றபின், 1902இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். தொற்று, நோயெதிர்ப்பு, குருதிநீர் மருத்துவம் ஆகியவை குறித்த இவருடைய நூல் 1906இல் வெளிவந்தது.

== பிட்டர்ரூட் பள்ளத்தாக்கு ==
மொன்டானா மாநிலத்தின் பிட்டர்ரூட் பள்ளத்தாக்கில் ஒவ்வோர் இளவேனிலிலும் ஒரு கொடிய காய்ச்சல் தோன்றியது. கடும் தலைவலி, காய்ச்சல் ஆகியவற்றைத் தொடர்ந்து உடலெங்கும் புள்ளிகள் தோன்றும். ஆற்றின் மேற்குக் கரையில் நோயுற்றோருள் பெரும்பாலோர் இறந்தனர். இடாகோ மாநிலத்திலோ அதே நோய் மிதமாகவே இருந்தது. உருகும் பனிநீரைக் குடிப்பதே காரணம் என்று அங்குள்ளோர் பலர் நம்பினர். உண்ணியின் மீது முன்பே ஐயம் எழுந்திருந்தபோதிலும், அதனுடன் முன்வைக்கப்பட்ட ஒட்டுண்ணிக் கொள்கை பிழையாகிப் போனதால் உண்ணிக் கருத்தும் மதிப்பிழந்திருந்தது.

1906இல் அங்கு சென்ற ரிக்கெட்ஸ், நோயாளிகளின் குருதியைக் கினிப்பன்றிகளுக்குச் செலுத்தி நோயை உண்டாக்கினார். அடுத்து, நோயுற்ற கினிப்பன்றியில் குருதி உண்ட உண்ணியை நலமான விலங்கின் மீது ஒட்டவிட்டார், அவ்விலங்கும் நோயுற்றது. அதே காலத்தில் வால்டர் கிங் என்பவரும் தனியே இம்முடிவை எட்டினார். ஆனால் ரிக்கெட்ஸ் மேலும் ஆழமாகச் சென்றார். காட்டில் பிடித்த உண்ணிகளிலும் நோய்க்கிருமி உள்ளது என்பதையும், தாய் உண்ணியிடமிருந்து முட்டைகள் வழியே குஞ்சுகளுக்கு அது செல்கிறது என்பதையும் காட்டினார். மனிதரின்றியே கிருமி ஆண்டுதோறும் நிலைத்திருப்பது இதனால் விளங்கியது.

1909இல் நோயுற்றோர் குருதியிலும் உண்ணி முட்டைகளிலும் நுண்ணிய கோலுருக்களைக் கண்டதாக அறிவித்தார். அவை ஆய்வுக்கூட ஊடகங்களில் வளரவில்லை. ஆகவே, அவையே நோய்க்காரணி என அறுதியிட்டுக் கூற அவர் தயங்கினார். இத்தயக்கம் அவருடைய ஆய்வுமுறையின் சிறப்பாகவே கொள்ளத்தக்கது.

== எதிர்ப்பிலிருந்து தப்பும் முறை ==
நோயிலிருந்து மீண்ட கினிப்பன்றிகளுக்கு மீண்டும் நோய் வரவில்லை. மீண்ட விலங்கின் குருதிநீர், முன்கூட்டியே செலுத்தப்பட்டால் காத்தது. நோய் முற்றியபின் பெரிதும் பயன்படவில்லை. இதன் காரணம் அவர் காலத்தில் விளங்கவில்லை. விழுங்கணுக்களே உடலைக் காக்கின்றன என ஒரு சாராரும், குருதிநீரில் உள்ள பொருள்களே காக்கின்றன என மறு சாராரும் வாதிட்ட காலம் அது. இக்கிருமியோ இரண்டையும் ஏய்ப்பது.

உண்ணி கடித்தபின் குருதியில் நுழையும் ரிக்கெட்சியா, குருதிக்குழாய்களின் உட்சுவர் உயிரணுக்களில் ஒட்டி, தன்னை அவ்வணுக்களே உள்ளிழுத்துக்கொள்ளச் செய்கிறது. உள்ளே அதனைச் சூழும் சவ்வுப்பையில் பொதுவாகக் கிருமிகள் செரிக்கப்படும். அதற்குள் இக்கிருமி சவ்வைக் கரைத்து, உயிரணுவின் குழைமத்துக்குள் தப்பிவிடுகிறது. அங்கே பிறபொருளெதிரிகள் அதனை எட்டுவதில்லை. பின்னர் உயிரணுவின் சொந்தப் புரதமான ஆக்டினை இழைகளாகத் தன் பின்புறம் கோத்து, அந்த உந்துதலால் அண்டை உயிரணுவுக்குள் நேரடியாகச் செல்கிறது. வெளியே வரவேண்டிய தேவையே பெரிதும் இல்லை. இவ்வியக்கத்திற்கு வேண்டிய எஸ்சிஏ2 என்னும் புரதத்தை இழந்த திரிபு கினிப்பன்றிகளில் காய்ச்சலை உண்டாக்கவில்லை என 2010இல் அறியப்பட்டது. சேதமுற்ற குழாய்களிலிருந்து குருதி கசிவதே தோலில் காணும் புள்ளிகள் ஆகும்.

கிருமி உயிரணுவுக்குள் புகுமுன் பிறபொருளெதிரி அதன் மேல் படிந்திருந்தால், அது சவ்வுப்பையிலிருந்து தப்ப இயலாமல் அழிகிறது. ரிக்கெட்ஸ் பயன்படுத்திய குருதிநீர் முன்கூட்டியே செலுத்தியபோது மட்டும் பயன் தந்ததற்கு இது பொருந்தும் விளக்கமாகும். உள்ளே புகுந்துவிட்ட கிருமிகளை ஒழிப்பதில், தொற்றுற்ற உயிரணுக்களையே கொல்லும் டி உயிரணுக்கள் முதன்மைப் பங்கு வகிக்கின்றன. இன்று டாக்சிசைக்ளின் இந்நோய்க்குரிய மருந்தாகும். அதுவும் முதல் சில நாட்களுக்குள் தொடங்கப்பட வேண்டும்.

== மெக்சிக்கோவும் இறப்பும் ==
மொன்டானாவில் ஆய்வுக்கான நிதி தாமதமானதால், 1909இன் இறுதியில் ரிக்கெட்ஸ் தம் மாணவர் ரசல் வைல்டருடன் மெக்சிக்கோ நகருக்குச் சென்றார். அங்கு தபர்தில்லோ எனப்பட்ட டைபஸ் பரவியிருந்தது. புள்ளிக் காய்ச்சலை அது ஒத்திருந்தபோதிலும், ஒன்றிலிருந்து மீண்ட விலங்கு மற்றதை எதிர்க்கவில்லை என்பதைக் கொண்டு இரண்டும் வேறு நோய்கள் எனக் காட்டினார். டைபசைப் பரப்புவது உடற்பேன் என்பதையும் இருவரும் உறுதிசெய்தனர். இதனைத் துனிசில் சார்லஸ் நிக்கோல் 1909இலேயே கண்டிருந்தார். அவருக்கு 1928இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆய்வு முடியும் தறுவாயில் ரிக்கெட்சுக்கு டைபஸ் தொற்றியது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவியை ஏற்க இருந்த நிலையில், 1910 மே 3 அன்று மெக்சிக்கோ நகரில் இறந்தார். மனைவியும் இரு குழந்தைகளும் இருந்தனர்.

== பெயரீடு ==
1916இல் என்ரிக் ட ரோச்சா லிமா, டைபஸ் கிருமிக்கு ரிக்கெட்சியா பிரோவாசெக்கி எனப் பெயரிட்டார். பிரோவாசெக்கும் டைபசை ஆராய்ந்து 1915இல் அந்நோயால் இறந்தவரே. புள்ளிக் காய்ச்சலின் கிருமி ரிக்கெட்சியா ரிக்கெட்சி எனப்படுகிறது. சிகாகோ பல்கலைக்கழகம் இவர் பெயரில் ஒரு பரிசை நிறுவியது. மொன்டானாவின் ஹாமில்டன் நகரில் இவருடைய பணி தொடர்ந்தது. அங்கு ரோஸ்கோ ஸ்பென்சரும் ரால்ப் பார்க்கரும் 1920களில், அரைத்த உண்ணிகளிலிருந்து புள்ளிக் காய்ச்சலுக்கான முதல் தடுப்பூசியை உருவாக்கினர்.