அசைந்த உடலும் அசையாப் புலமையும்

கச்சி ஏகம்பநாதர்மீது உலா பாடிய இரட்டையரைக் காஞ்சித் தமிழன்பர்கள் நன்கறிவர். ஒருவர் பார்வையற்றவர், மற்றவர் நடக்க இயலாதவர். அவரை இவர் தோளிற் சுமந்தார் என்றும், வெண்பாவின் முற்பாதியை ஒருவர் தொடங்கப் பிற்பாதியை மற்றவர் முடித்தார் என்றும் மரபு கூறும். அவர்தம் உடற்குறையைத் தமிழுலகம் மறைக்கவில்லை. அது காரணமாக அவர்தம் புலமையை மதியாது விட்டதுமில்லை. கண்ணிலும் காலிலும் உற்ற குறை எவர்க்கும் விளங்கும். காரணமே விளங்காததொரு குறையோடு வாழ்ந்த புலவர் எத்தகைய மதிப்பைப் பெற்றார்? ஆங்கில அகராதிப் பேரறிஞர் சாமுவேல் ஜான்சனின் வாழ்க்கை இவ்வினாவிற்கு விடை தருகிறது.

இங்கிலாந்தில் லிச்ஃபீல்டு என்னும் ஊரில் 1709ஆம் ஆண்டு செப்டம்பர் 18இல், நலிந்த புத்தக வணிகர் ஒருவரின் மகனாக அவர் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே கண்டமாலை நோய் முகத்தில் வடுவையும் கண்ணில் குறையையும் விட்டுச் சென்றது. 1728இல் ஆக்ஸ்ஃபோர்டில் சேர்ந்தவர், வறுமையால் ஏறத்தாழப் பதின்மூன்று மாதங்களில் பட்டம் பெறாமலே திரும்பினார்.

தலை ஒரு பக்கமாக ஆடும். உடல் முன்னும் பின்னும் அசையும். கைகள் திடீரென வெட்டியிழுக்கும். பேச்சினிடையே கோழி கொக்கரிப்பது போன்ற ஒலியும் சீழ்க்கையும் எழும். பேசி முடித்ததும் பெருமூச்சொன்று வெளிப்படும். வாயிலைக் கடக்கும்போது அடிகள் தாம் எண்ணியபடி அமையாவிடில் பின்சென்று மீண்டும் நடப்பார். தெருவோரக் கம்பங்கள் ஒவ்வொன்றையும் தொட்டுச் செல்வார். ஒன்றைத் தவறவிட்டால் திரும்பி வந்து தொடுவார். உடனிருந்தோர் எழுதி வைத்த குறிப்புகள் இவை.

இவற்றின் விலையை அவர் இளமையிலேயே கொடுக்க நேர்ந்தது. 1735இல் சோலிஹல் ஊர்ப் பள்ளியில் தலைமையாசிரியர் பணியை நாடினார். அவருடைய புலமையை ஒப்புக்கொண்டவர்களே, செருக்கும் கடுமையும் உடையவர் என்ற பேச்சோடு முகச்சுளிப்பு மாணவரைப் பாதிக்கும் என்ற அச்சத்தையும் காரணமாக்கி அவரை விலக்கினர். எடியல் என்னுமிடத்தில் தாமே தொடங்கிய பள்ளியில் சேர்ந்தவர் மிகச் சிலர். அவருள் ஒருவரான டேவிட் காரிக், பின்னாளில் புகழ்பெற்ற நடிகரானவர், ஆசிரியரின் அசைவுகளை நடித்துக் காட்டி நண்பர்களைச் சிரிக்க வைத்தார். அப்பள்ளி நிலைக்கவில்லை. 1737இல் ஆசிரியரும் மாணவரும் ஒன்றாகவே இலண்டனுக்குப் பிழைப்புத் தேடிச் சென்றனர்.

அங்கே 1746இல் அகராதிப் பணிக்கு ஒப்பந்தமானார். கஃப் சதுக்கத்து வீட்டின் மாடியில் எழுத்தர் அறுவர் துணையோடு உழைத்தார். இடையே 1752இல் மனைவி எலிசபெத்து மறைந்தார். அகராதி 1755இல் வெளிவந்தது. அதில் 42,000க்கு மேற்பட்ட சொற்கள் இடம்பெற்றன. அவற்றுக்குச் சான்றாக 1,00,000க்கு மேற்பட்ட நூல் மேற்கோள்கள் திரட்டப்பட்டன. வீரமாமுனிவர் தமிழுக்குச் சதுரகராதி தந்து இருபத்துமூன்று ஆண்டுகள் கடந்த பின்னர் ஆங்கிலம் பெற்ற பேறு இது.

அவரைப் பார்த்தலுக்கும் கேட்டலுக்கும் இடையே எத்துணைத் தொலைவு! ஓவியர் ஹோகார்த் 1753ஆம் ஆண்டளவில் நாவலாசிரியர் ரிச்சர்ட்சன் இல்லம் சென்றபோது, சன்னலருகே தலையை ஆட்டிக்கொண்டு நின்றவரைப் பராமரிப்பிற்கென விடப்பட்ட பித்தர் எனக் கருதினார். அவரே முன்வந்து அரசரின் செயலைக் கண்டித்துச் சொல்மாரி பொழியக் கேட்டதும் திகைத்து நின்றார்.

நோய்க்குப் பெயர் அன்று இல்லை. ஓவியர் ரெனால்ட்ஸ் அதனைப் பழக்கம் என்றார். வேறு சிலர் வலிப்பு நடன நோய் என்றனர். ஏன் இவ்வாறு அசைகிறீர் என்று சிறுமி ஒருத்தி வினவியபோது, தீய பழக்கமென்று ஜான்சனே கூறி, அவளும் அத்தகையவற்றினின்று காத்துக்கொள்ளுமாறு அறிவுறுத்தினார். தம்மால் ஆகாத ஒன்றைத் தம் பிழையாகவே சுமந்த துயரம் இது.

1784 டிசம்பர் 13இல் ஜான்சன் மறைந்தார். நூற்றோராண்டு கழித்து, 1885இல், பிரெஞ்சு மருத்துவர் ஜில் த லா டூரெட் இவ்வகை நோயை விரித்துரைத்தார். 1979இல் கனடா நரம்பியல் மருத்துவர் முர்ரே, பழைய குறிப்புகளை ஆராய்ந்து, ஜான்சனுக்கிருந்தது டூரெட் நோய் என்று விளக்கினார். இறந்தவரைக் குறிப்புகளால் ஆராய்ந்து கண்ட முடிபாயினும் மருத்துவ உலகில் பலரும் இதனை ஏற்கின்றனர். மூளையின் இயக்கச் சுற்றுகளோடு தொடர்புடைய இந்நோய் குழந்தைப் பருவத்தில் தோன்றும். பலர்க்கு வளர வளரத் தணியும். சிலர்க்கு முதுமைவரை தொடரும். தும்மலை அடக்குவதுபோல் அசைவைச் சிறிது நேரம் அடக்கலாம்; அடக்கியது மீண்டும் எழும். அறிவை இது குறைப்பதில்லை, பிறரைத் தொற்றுவதுமில்லை. பழக்கமாற்றுப் பயிற்சியும் தேவையெனில் மருந்தும் இன்று உதவுகின்றன.

சோலிஹல் பள்ளியினரின் தயக்கம் அவ்வூரோடு முடிந்துவிடவில்லை. ஓயாது கண் சிமிட்டும் மாணவனைக் கடிந்து அமர்த்துவதும், நேர்முகத் தேர்வில் தோள் குலுங்கும் இளைஞரை ஐயத்தோடு நோக்குவதும் அதே தயக்கத்தின் வடிவங்களே. ஜான்சனை அறிந்த நண்பர்கள் அசைவு ஓயட்டும் என்று காத்திருக்கவில்லை. அசைந்துகொண்டிருக்கும்போதே அவர் சொல்லைச் செவிமடுத்தனர். இரட்டையரைப் பாட்டால் மதித்த மண்ணுக்கு இந்நெறி புதிதன்று. ஆசிரியப் பணியில் உள்ள நாம் முதலில் அதனை மேற்கொள்வோமாக.