பரீட்சை எழுதாமல் போன திரு.வி.க.

மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று நம் சங்கச் செயலாளர் கேட்டார். விடுதிச் சாம்பாரைப் பற்றி வருஷா வருஷம் யாராவது எழுதிவிடுகிறார்கள். நான் மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவன். அதில் பாதிக் காலம் தொழிற்சங்கப் பொறுப்பு. ஆகவே, எனக்குப் பிடித்த ஒரு தொழிற்சங்கத் தலைவரைப் பற்றி எழுதுகிறேன். திரு.வி.க. என்றதும் இன்றைய மாணவர்களுக்கு அடையாற்றுப் பாலம் ஞாபகம் வரலாம். பாலத்துக்கு முன்னால் ஒரு மனிதர் இருந்தார்.

1883-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 26-ஆம் தேதி, சென்னையை அடுத்த துள்ளம் என்ற சிற்றூரில் பிறந்தவர் கலியாணசுந்தரம். நோயினால் நடுவில் தடைப்பட்ட படிப்பு, இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் தொடர்ந்தது. அங்கேதான் யாழ்ப்பாணம் கதிரைவேற்பிள்ளை அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். தமிழ்ப் பித்து பிடித்தது அவரிடம்தான். வள்ளலார் பாடல்கள் அருட்பாவா மருட்பாவா என்று அப்போது பெரிய சண்டை. விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. 1904-இல் ஆசிரியருக்காகச் சாட்சி சொல்லப் போன மாணவர் இறுதிப் பரீட்சையை எழுதவில்லை. பள்ளிப் படிப்பு அத்தோடு முடிந்தது.

அந்தச் சண்டையில் எதிர்ப்பக்கம் நின்று வாதாடியவர் யார் தெரியுமா? எங்கள் ஊருக்குப் பெயர் தந்த மறைமலையடிகள்தான்! பின்னாளில் இருவரும் நெருங்கிய நண்பர்களானார்கள். இந்தக் காலத்துச் சண்டைகள் இப்படி முடிகின்றனவா என்று நீங்களே சொல்லுங்கள்.

பட்டம் இல்லாதவர் படிப்பை விட்டாரா என்றால், இல்லை. மயிலை தணிகாசல முதலியாரிடம் போய்ப் பாடம் கேட்டார். ஸ்பென்சர் கம்பெனியில் கணக்கர் வேலை. தேச விடுதலை உணர்ச்சி அதையும் விடச் செய்தது. பிறகு ஆசிரியர் வேலை. பரீட்சை எழுதாத அவரே கடைசியில் வெஸ்லி கல்லூரியில் தலைமைத் தமிழாசிரியர் ஆனார். 1912-இல் திருமணம். மனைவி கமலாம்பிகை அவரிடம் நகை கேட்கவில்லை, திருக்குறள் சொல்லித் தரும்படி கேட்டார் என்பார்கள். 1918-இல் அந்த அம்மையார் காசநோயில் மறைந்தார். பிறந்த இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. 1927-இல் வந்த பெண்ணின் பெருமை என்ற நூலை இதை மனதில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

1917 டிசம்பரில் நிலையான கல்லூரி வேலையை விட்டுவிட்டு, தேசபக்தன் நாளிதழின் ஆசிரியர் ஆனார். மாசச் சம்பளக்காரனான எனக்கு இந்த இடத்தில் எப்போதும் கொஞ்சம் பயம் வரும். படித்தவர்கள் அரசியலை ஆங்கிலத்தில் பேசிய காலம் அது. இவர் தலையங்கத்தில் நல்ல தமிழைக் கொண்டுவந்து வைத்தார். 1920-இல் அங்கிருந்து விலகி நவசக்தியைத் தொடங்கினார். கல்கி எழுத்து வேலை பழகியது அந்த நவசக்தியில்தான்.

1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வார்கள். தலைவர் பி.பி. வாடியாவுக்குத் தமிழ் வராது. பெரம்பூர் பி அண்டு சி மில் தொழிலாளிகளுக்கு அவர் பேச்சைத் தமிழில் எடுத்துச் சொன்னவர் திரு.வி.க. கேட்டவர்களில் எழுத்துத் தெரியாதவர்கள் ஏராளம். இலக்கணம் கற்ற பண்டிதர், அவர்கள் காதுக்கு ஏற்றபடி வாக்கியத்தைச் சின்னதாக்கினார். பத்திரிகையிலும் அதே சின்ன வாக்கியம்தான். எனக்கு இதன் அருமை அனுபவத்தில் தெரியும். நான் எழுதிய முதல் துண்டறிக்கையை வாசித்துவிட்டு ஒரு மூத்த தொழிலாளி, தம்பி, இது முதலாளிக்கா நமக்கா என்று கேட்டார். அன்று சாயங்காலமே நூலகத்தில் திரு.வி.க.வின் வாழ்க்கைக் குறிப்புகளைத் தேடி எடுத்தேன். அதற்கு முன் அவருடைய ஒரு பக்கம்கூட நான் படித்ததில்லை. தமிழ்ப் பாடத்தில் இருந்திருக்கலாம், சாய்ஸில் விட்டிருப்பேன்.

எல்லா இடத்திலும் அவர் ஜெயித்தார் என்று சொல்ல மாட்டேன். 1925-இல் காஞ்சிபுரம் காங்கிரஸ் மாநாட்டுக்கு அவர்தான் தலைவர். பெரியார் கொண்டுவந்த வகுப்புவாரி உரிமைத் தீர்மானத்துக்கு அவர் இடம் தரவில்லை. பெரியார் வெளியேறினார், தமிழ்நாட்டு அரசியலே திசை மாறியது. அந்த முடிவு தவறு என்பது என் கருத்து. ஒத்துக்கொள்ளாத நண்பர்கள் மதியச் சாப்பாட்டு வேளையில் என்னைப் பிடித்துக்கொள்ளலாம். அவர்கள் இருவருக்கும் நட்பு முறியவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1947-இல் மில் வேலைநிறுத்தத்தின்போது, தான் வளர்த்த காங்கிரஸின் ஆட்சியே அவரை வீட்டுக்காவலில் வைத்தது. வயது அறுபதைத் தாண்டியிருந்தது. பிறகு கண்ணும் மங்கியது. வாழ்நாள் முழுக்கப் படித்தவருக்கு எழுத்து தெரியாமல் போனது. அவர் சொல்லச் சொல்லப் பக்கத்திலிருந்தவர்கள் எழுதினார்கள். அப்படி வந்த செய்யுள் நூல்களில் ஒன்றுக்கு முதுமை உளறல் என்று அவரே பெயர் வைத்தார். அடுத்ததற்குப் படுக்கைப் பிதற்றல். அது வந்த 1953-இல், செப்டம்பர் 17-ஆம் தேதி காலமானார்.