ஆக்ராவில் ஒரு காபூல்

பாபர்னு சொன்னதும் நமக்கு ஞாபகம் வர்றது என்ன? பானிபட், 1526, முகலாயப் பேரரசு. ஸ்கூல்ல ரெண்டு மார்க் கேள்விக்கு அதுவே போதும். ஆனா அந்த மனுஷனுக்கு இன்னொரு வேலையும் இருந்தது: போற இடமெல்லாம் தோட்டம் போடுறது. தோட்டத்துக்கு லாயக்கே இல்லாத இடத்திலும் கூட.

1483இல் பெர்கானா பள்ளத்தாக்கின் ஆந்திஜானில் பிறந்தார். இன்றைய உஸ்பெகிஸ்தான். பழத்தோட்டங்கள் நிறைந்த ஊர். 1494இல் அப்பா உமர் ஷேக் மிர்சா, பள்ளத்தின் விளிம்பில் கட்டியிருந்த புறாக்கூடு சரிந்து விழுந்ததில் இறந்துபோனார். நாமெல்லாம் ஆறாங்கிளாஸ் படிச்ச வயசுல பையன் தலையில ராஜ்யம். 1497இல் சமர்கந்தைப் பிடித்தார். சுமார் 100 நாள்தான் கையில் இருந்தது. அதுக்குள்ள சொந்த ஊரும் போச்சு. பல வருஷம் அலைச்சல். 1504இல் காபூல் கைக்கு வந்த பிறகுதான் காலூன்ற ஒரு நிலம் கிடைத்தது.

அங்கேதான் தோட்ட வேலை சூடுபிடித்தது. காபூலுக்கு வடக்கே இஸ்தாலிஃப் கிராமத்தில் ஓர் ஓடை கண்டபடி வளைந்து ஓடியது. அதை நேராக்கச் சொன்னார். அங்கிருந்த பெரிய தோட்டத்தை அவருக்கு முன்னால் ஆண்டவர் உரிமையாளர்களிடமிருந்து பிடுங்கி வைத்திருந்தார். பாபர் அவர்களுக்கு விலை கொடுத்து வாங்கினார். இன்றைய ஜலாலாபாத் பக்கம் 1508-09 வாக்கில் ‘பாக்-இ-வஃபா’ தோட்டத்தை அமைத்தார். லாகூரிலிருந்து வாழைக்கன்று கொண்டுபோய் நட்டார், பிழைத்துக்கொண்டது. இலையுதிர் காலம்னா அவருக்குத் தனிப் பிரியம். இலைகள் நிறம் மாறி நின்ற ஓர் ஆப்பிள் மரத்தைப் பார்த்து, எந்த ஓவியனாலும் இதை வரைய முடியாது என்ற அர்த்தத்தில் தன் நினைவுக் குறிப்பான பாபர்நாமாவில் எழுதி வைத்திருக்கிறார்.

அதே நூலில், போரில் வெட்டிய தலைகளைக் குவித்துக் கோபுரம் எழுப்பியதையும் அவரே எழுதியிருக்கிறார். ரெண்டும் ஒரே ஆள்தான்.

1526 ஏப்ரலில் பானிபட் வெற்றி. மே மாதம் ஆக்ரா. எப்படிப்பட்ட நேரத்துல வந்து இறங்கினார்னு பாருங்க! அனல் காற்றில் ஆட்கள் சுருண்டு விழுந்து செத்தார்கள். ஊருக்கே திரும்பிடலாம்னு படைத்தலைவர்கள் முணுமுணுத்தார்கள். நெருங்கிய நண்பர் குவாஜா கலான் நிஜமாவே கிளம்பிப் போய்விட்டார். பாபர் தங்கினார். தங்கணும்னா தோட்டம் வேணுமே! யமுனையின் மறுகரைக்குப் போய் இடம் தேடினார். பார்த்த இடமெல்லாம் வறட்டு நிலம், வெறுத்துப்போச்சு. வேற இடமும் இல்ல.

இங்கதான் நமக்குப் பிடிச்ச சமாச்சாரம் வருது. அவருக்குத் தெரிந்த தோட்டம் சார்பாக்: நிலத்தை வாய்க்கால்களால் நாலாகப் பிரிப்பது. காபூல் மலைச்சரிவில் அது சுலபம். ஓடையைத் திருப்பி விட்டால் புவியீர்ப்பே மிச்ச வேலையைப் பார்த்துக்கும். ஆக்ராவிலோ தரை சமம், ஆறு கீழே. தண்ணி தானா வராது, மேலே ஏத்தணும். அந்த ஊரில் தோல் சாலைக் கிணற்றில் விட்டு மாடு கட்டி இழுத்தார்கள், நம்ம ஊர் கமலை மாதிரி. அது பாபருக்குப் பிடிக்கவில்லை. பஞ்சாப் பக்கம் அவர் கவனித்தது வேறு முறை: கயிற்று மாலையில் வரிசையாகப் பானைகள், பல்சக்கரம், அதைச் சுற்றும் மாடு. ஆக்ரா கோட்டைக்குள் படிக்கிணறு வெட்டி, சக்கரம் வைத்து, மதில் உயரத்துக்குத் தண்ணீரை ஏற்றி மேல்தோட்டத்துக்கு அனுப்பினார்.

மறுகரையில் அவர் செய்த வரிசையும் கவனிக்க வேண்டியது. முதலில் பெரிய கிணறு. பிறகு புளியமரங்கள் இருந்த இடமும் எண்கோணக் குளமும். அப்புறம்தான் கட்டடங்கள், ரோஜா, நர்கிஸ் பாத்திகள். கூட இருந்தவர்களும் பக்கத்தில் தோட்டம் போட, ஊர்க்காரர்கள் அந்தக் கரைக்கே ‘காபூல்’னு பேர் வச்சுட்டாங்க.

ஆனாலும் மனசு ஆறவில்லை. காபூலிலிருந்து வந்த ஒரு முலாம்பழத்தை நறுக்கியபோது அழுகையே வந்துவிட்டது. இதை குவாஜா கலானுக்கு எழுதிய கடிதத்தில் சொல்லியிருக்கிறார். பிறகு பல்க் நாட்டு முலாம்பழ விவசாயி ஒருவரைக் கொண்டு ஆக்ராவிலேயே பயிர் செய்ய வைத்தார். 1529இல் பழம் வந்தது. சின்னது, ஆனால் சுமாராக நன்றாகவே இருந்தது. திராட்சையும் காய்த்தது. அந்த மண்ணில் அவை விளைந்ததில் அவருக்கு அவ்வளவு திருப்தி.

அடுத்த வருஷம், 1530 டிசம்பர் 26, ஆக்ராவில் 47 வயதில் இறந்தார். முதலில் அங்கேயே புதைத்தார்கள். பிறகு உடல் காபூல் மலைச்சரிவில் அவருடைய தோட்டத்துக்குப் போனது. அந்தத் தோட்டம் 1990களின் உள்நாட்டுப் போரில் பாழாகி, 2000களில் மறுபடி உருவானது. சிதைந்த படிமேடைகளைத் திருத்தினார்கள், புது மரங்கள் நட்டார்கள், நடுவில் மீண்டும் வாய்க்கால் அமைத்தார்கள். கல்லறைக்கு மேலே கூரை கிடையாது, வானம்தான்.