தோற்ற மருந்து தந்த சோதனை

காசநோய்க் கிருமியைக் கண்டறிந்த இராபர்ட் கோச்சை அவருடைய வெற்றிகளுக்காகப் போற்றுவோர் பலர். நானோ அவருடைய பெருந்தோல்வி ஒன்றுக்காகவும் அவரை நன்றியோடு நினைக்கிறேன்.

கோச் 1843 டிசம்பர் 11 அன்று ஜெர்மனியின் கிளாஸ்தால் என்னும் சுரங்க நகரில் பிறந்தார். கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றார். வோல்ஸ்டைன் என்ற சிற்றூரில் அரசு மருத்துவராக இருந்தபோதே, வீட்டில் ஆய்வு நடத்தி, ஆந்த்ராக்ஸ் கிருமியின் வாழ்க்கை முறையை 1876இல் உலகறியச் செய்தார். 1882 மார்ச் 24 அன்று காசநோய்க் கிருமியைப் பெர்லினில் அறிவித்தார்.

அடுத்து மருந்து தேடினார். அக்கிருமியை வளர்த்து எடுத்த சாறே டியூபர்குலின். 1890இல் அது பற்றிய செய்தி பரவியதும் நோயாளிகள் பெர்லினை நோக்கித் திரண்டனர். அந்தோ! நோய் தீரவில்லை, ஊசி போட்டுக்கொண்டோரில் பலர் மாண்டனர். மருந்தின் செய்முறையை முதலில் அவர் மறைத்து வைத்ததும் பழியைப் பெருக்கியது.

எனினும், காசநோய் கண்டவர் உடலில் அச்சாறு கடுமையாக வினைபுரிவதை அவர் கண்டு கூறியிருந்தார். அதுவே வித்தாயிற்று. 1907இல் வியன்னா மருத்துவர் பிர்க்கே அதைத் தோலில் கீறி இட்டார். 1908இல் பிரெஞ்சு மருத்துவர் மாந்தூ தோலுக்குள் ஊசியால் செலுத்தினார். இரண்டு மூன்று நாளில் தோன்றும் தடிப்பை அளந்தால், கிருமி உடலில் புகுந்ததா என்பதை அறியலாம்.

கோச் 1905இல் நோபல் பரிசு பெற்று, 1910இல் மறைந்தார். அவர் மறைந்த பின்னும் அச்சாறு பணி செய்தது. எக்ஸ்-ரே படத்தில் நுரையீரலில் சுண்ணாம்புத் தழும்பு தெரிந்தால், அது காசநோயின் வடு என்றே மருத்துவர்கள் பெரிதும் கருதி வந்தனர். அமெரிக்காவில் கரோல் பால்மர், செவிலியர் பயிற்சி மாணவியருக்கு டியூபர்குலினோடு, ஒரு பூஞ்சையின் சாறான ஹிஸ்டோபிளாஸ்மினையும் தோலில் செலுத்திப் பார்த்தார். தழும்பு இருந்தும் டியூபர்குலினுக்குத் தடிக்காத பலருக்குப் பூஞ்சைச் சாறு தடித்தது! 1945இல் இம்முடிவு வெளியாயிற்று. காசநோயாளி என்ற பெயரைச் சுமக்க வேண்டாதவர் பலர் இருந்தனர் என்பது புலனாயிற்று.

தோல் சோதனை மட்டுமே முடிவன்று. பி.சி.ஜி. தடுப்பூசியாலும் தடிப்பு வரலாம். உள்ளுறங்கும் கிருமியையும் முற்றிய நோயையும் அது பிரித்துக் காட்டாது. சளிச் சோதனையும் வேண்டும்.

மாணவ நண்பர்களே! பெரியோர் வரலாற்றில் தோல்விப் பக்கங்களை நாம் கிழித்தெறிய வேண்டாம் என்பேன். கோச்சின் வரலாற்றில் அப்பக்கமே பிறருக்கு வழிகாட்டியது.